எண்பத்து நாலாயிரம் மைலும் ரெண்டு மைலும்

மில் குடியிருப்பு, ஹவாசா, எத்தியோப்பியா
6 ஜனவரி 2025

அண்ணே,

இதை நான் காகிதத்தில் எழுதி, போட்டோ பிடித்து உன் மகள் புவனேஸ்வரியின் போனுக்கு அனுப்புகிறேன். அவள் கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தாகப் பிரிண்ட் போட்டுத் தருவாள். முப்பது வருசம் மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் மெசின் இரைச்சலில் நின்ற காதுக்குப் போன் சரிப்படாது. வீடியோவில் பேசினால் என் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வேன் என்பாய். இங்கே நெட் நின்று நின்று வருவதால் என் வாய் பாதியில் திறந்தபடி நின்றுபோகிறது. போன தடவை நான் "சோறு" என்றதை நீ "ஜோரு" என்று படித்து அரைமணி நேரம் சிரித்தாயாம். அதனால் காகிதம்.

விசயத்துக்கு வருகிறேன். பதினோரு வருசமாகக் கம்பெனி என்னை மில்லு மில்லாகப் பிள்ளைகளுக்குப் பழக்க அனுப்புகிறது. பங்களாதேஷ், வியட்நாம், கென்யா, இப்போது இங்கே. ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் விமானக் கம்பெனிக்காரர்கள் என் பேரில் கொஞ்சம் பாயிண்ட் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதை "மைல்" என்று சொல்வார்கள். இதுவரை எண்பத்து நாலாயிரம் மைல் சேர்ந்திருக்கிறது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால் எல்லாம் செல்லாமல் போய்விடும்.

அதை வைத்து நீ இங்கே வரவேண்டும். அதுவும் பிசினஸ் கிளாசில். விமானத்தின் முன்பக்கம் கொஞ்சம் சீட்டு இருக்கிறது, பட்டனை அமுக்கினால் கட்டில் மாதிரி நீண்டு படுத்துக்கொள்ளும். ஏறும்போது அதைத் தாண்டித்தான் நாங்கள் பின்னால் போவோம். பதினோரு வருசமாக நான் தாண்டித்தான் போகிறேன்.

பிப்ரவரி கடைசியில் லீவில் ஊருக்கு வருகிறேன். மார்ச் நடுவில் திரும்பும்போது என்னோடு வா. மார்ச் பதினேழு இங்கே என் பயிற்சிக் கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சர்டிபிகேட் கொடுக்கிறோம். ஜூனில் என் வேலை முடிகிறது, கூடத்தை இந்த ஊர்ப் பெண் ஒருத்தியிடம் ஒப்படைத்துவிடுவேன். என் வேலையை நம்ம வீட்டில் ஒருத்தரும் பார்த்ததில்லை. இப்போது விட்டால் இனிமேல் பார்க்க ஒன்றும் இருக்காது.

கதிர்காமம் போக ஆறு வருசம் முன்னால் நீ எடுத்து, போகாமலே விட்ட பாஸ்போர்ட் பீரோவில்தானே இருக்கிறது? அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்.

முனீஸ்வரி


வேடசந்தூர் பக்கம், நம்ம வீடு
15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

ஏத்தா முனீசு,

நல்லா இருக்கியா. இங்க எல்லாரும் சொகம். உன் காகிதத்த புவனா கொண்டாந்து குடுத்தப்ப நான் மாட்டுக் கொம்புக்குப் பெயிண்டு அடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு கொம்பு முடிஞ்சிருச்சு, இன்னொண்ணு பாக்கி. அப்படியே உக்காந்து படிச்சேன், எந்திரிக்க மறந்துட்டேன். மாடு இன்னிக்கு முச்சூடும் ஒத்தக் கொம்பு பச்சையாத்தான் தெருவுல திரிஞ்சுச்சு. போறவக வாரவக எல்லாம் இது என்ன கட்சின்னு கேட்டாக. உன் மதினி ஜக்கம்மா என்னைய ஏசினது எனக்குக் கேக்கல. வாயப் பாத்தாலும் புரியாத மாதிரி திரும்பிக்கிட்டேன். காது போனதுல இந்த ஒரு சவுரியம் இருக்கு.

எண்பத்து நாலாயிரம் மைலுன்னு எழுதியிருக்க. எம் தங்கச்சி எம்புட்டுத் தூரம் பறந்திருக்கான்னு நெனச்சா மேலு புல்லரிச்சுப் போச்சு. நம்ம அய்யா ஆயுசுக்கும் போன தூரம் பழனி வரைக்கும்தான். அதுவும் நடந்து.

புவனாகிட்ட, இங்கருந்து உன் ஊரு எம்புட்டு மைலு பாரு ஆத்தான்னு கேட்டேன். போன தட்டிப் பாத்துட்டு மூவாயிரம் சொச்சம்னு சொன்னா. அப்ப போக வர ஆறாயிரம். எண்பத்து நாலாயிரத்துல எத்தன ஆறாயிரம் இருக்கு? பதினாலு. நானு, ஜக்கம்மா, புவனா மூணு பேரு. பாக்கி பதினொரு எடம் இருக்கேன்னு ஊருக்குள்ள சொன்னேன். உன் கூட்டாளி சண்முகவள்ளி மொத ஆளா வாரேன்னுட்டா. நம்ம மில்லு பஸ் ஓட்டுன பொன்னழகு அண்ணன் பொண்டாட்டியோட வாராக. அவரு இத்தன வருசம் பஸ் ஓட்டியே வெளியூரு போகாத ஆளு. பஞ்சாயத்து கிளார்க்கு ரெண்டு சீட்டு கேட்டிருக்காரு. மத்தியானமே நாலு பேரு ஒட்டன்சத்திரம் போயி பாஸ்போட்டு போட்டாவே எடுத்துட்டு வந்துட்டாக.

எல்லாரும் சேந்து வந்தா உனக்கு ஆக்கிப் போடச் செரமமா இருக்குமேன்னு மதினி ரசப்பொடி நாலு கிலோ இடிச்சிருக்கா.

பொங்கல் வச்சமா, பால் பொங்கிச்சான்னு நீ கேக்கல. பொங்கிச்சு.

உன் அண்ணன்
சோலைமலை


ஹவாசா
19 ஜனவரி

அண்ணே,

உன் கடிதத்தை மெஸ்ஸில் வைத்துப் படித்தேன். சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளை தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தது. அப்புறம் அழுகை வந்தது. அந்த நாலு பேரிடம் நீ எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்லப்போகிறாய்?

அது தூரத்துக்கான மைல் இல்லை அண்ணே. பேர்தான் மைல். ரேசன் அட்டையில் அரிசி அட்டை, சீனி அட்டை என்று சொல்வதில்லையா, அட்டையைத் தின்ன முடியுமா? அந்த மாதிரி பேர். சாதாச் சீட்டில் ஒரு ஆள் இங்கே வருவதற்கு இருபதாயிரம் சொச்சம் கழிப்பார்கள். படுக்கைச் சீட்டுக்கு நாற்பத்தோராயிரம். ஆக என்னிடம் இருப்பதில் ஒரே ஒரு ஆள் படுத்துக்கொண்டு வந்து படுத்துக்கொண்டு திரும்பலாம். இல்லை, ரெண்டு பேர் உட்கார்ந்து வந்து உட்கார்ந்து திரும்பலாம். இதுவும் வேண்டாம் என்றால் அவர்கள் கம்பெனியில் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். அதில் மிக்சி, சூட்கேஸ், குளிருக்குப் போடும் கோட்டு எல்லாம் இருக்கிறது. எண்பத்து நாலாயிரத்துக்கு ஆறு சூட்கேஸ் தருவான். ஆறு சூட்கேசை வைத்துக்கொண்டு நீ எங்கே போவாய்?

உனக்கு முதுகு இருக்கிற நிலைமையில் உட்கார்ந்து வரமுடியாது. மில்லில் நூல்கட்டை தள்ளும் பாபின் வண்டி மோதி விழுந்த நாளில் இருந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரி போய்வரவே நீ பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டுதான் போகிறாய் என்று புவனா சொல்கிறாள். இது ஆறேழு மணி நேரம். அதனால் படுக்கைச் சீட்டு உனக்கு வசதிக்கு இல்லை, அது இல்லாமல் நீ வரவே முடியாது.

இன்னொரு சிக்கல். பாயிண்டுக்குக் கொடுக்கும் சீட்டு ரொம்பக் கொஞ்சம். சென்னையில் இருந்து ஒன்றுகூட இல்லை. தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் போனில் தேடுகிறேன். நேற்றுதான் பெங்களூரில் இருந்து மார்ச் பதினாலாம் தேதிக்கு ஒரே ஒரு சீட்டு கண்ணில் பட்டது. நான் கம்பெனி டிக்கெட்டில் போகிற அதே விமானம். திரும்புவதற்கு இருபத்தெட்டில் ஒன்று இருக்கிறது, அதில் இங்கே மில்லில் இருக்கும் நம்ம ஊர் பிட்டர் கண்ணன் ஊருக்கு வருகிறான், உனக்குத் துணை. இந்த ரெண்டும் எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லமுடியாது. ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்.

முனீஸ்வரி

இங்கே இது 2017ஆம் வருசம். இவர்கள் காலண்டர் நம்முடையதைவிட ஏழெட்டு வருசம் பின்னால் ஓடுகிறது.


வேடசந்தூர்
25 ஜனவரி

ஏத்தா,

ஏழு வருசம் பின்னாலன்னா அங்க வந்து எறங்குனா எனக்கு முதுகு வலி இருக்காதே. வண்டி என் மேல மோதுனது 2019ல.

ஊருக்குள்ள சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு கேளு. டீக்கடையில எல்லாரையும் உக்கார வச்சு, விசயம் இப்படி, மைலுன்னா மைலு இல்லையாம், பேருக்குத்தான் மைலாம்னேன். பொன்னழகு அண்ணன்தான் சொன்னாரு, "பஸ்சுலயும் அப்படித்தாண்டா, அம்பது பேரு உக்காரலாம்னு எழுதியிருக்கும், நூறு பேரு வருவீக. நம்பரெல்லாம் எழுதி வைக்கத்தான்." அதோட எல்லாரும் சிரிச்சுட்டாக. கிளார்க்கு மட்டும் மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. போட்டா எடுத்த நாலு பேருக்கும் போட்டா நல்லா விழுந்திருக்கு, ஆதார்ல ஒட்டிக்கிருவோம்ங்கிறாக.

அது கெடக்கட்டும். நான் சும்மா இருப்பேனா. திண்டுக்கல்லு பஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல டிக்கெட்டு போடுற கடை வச்சிருக்கான் முகேஷ்குமாருன்னு ஒரு பய. மூக்குக் கண்ணாடிய நெத்தியில மாட்டிக்கிட்டு மூக்கால பாக்குற பய. அவங்கிட்ட உன் காகிதத்தக் காட்டினேன். படிச்சுட்டு ஒரு தாளுல எழுதிக் காட்டினான். இந்த அம்மா ஒண்ணைச் சொல்லாம விட்டிருக்காகன்னான். என்னடான்னேன். கம்பெனி குடுத்த சாதாச் சீட்டையே இருபத்தஞ்சாயிரம் பாயிண்டக் குடுத்தா படுக்கைச் சீட்டா மாத்திக்கிறலாமாம். அதுதான் இருக்கிறதுலயே லாபமாம். எல்லாரும் அப்படித்தான் செய்வாகளாம்.

நீ இத ஏன் எழுதல முனீசு? உனக்குத் தெரியாம இருக்குமா? பதினோரு வருசமா உக்காந்து உக்காந்து உன் காலு வீங்கி, ஊருக்கு வந்து எறங்குனா ரெண்டு நாளைக்குச் செருப்பு ஏறாது. போன தடவ மதினி வெந்நியில உப்புப் போட்டு உன் கால ஊற வச்சப்ப நான் வாசப்படியில நின்னு பாத்தேன். நான் பாக்கலைன்னு நீ நெனச்ச.

அதனால எம் முடிவு இதுதான். நீ போகும்போதும் படு, வரும்போதும் படு. நான் வரல. எனக்கு என்ன அங்க. உன் கூடத்தப் பாக்கணும்னு ஆச இல்லைன்னு சொன்னா அது பொய். நீ சின்னப் பிள்ளையா மில்லுக்கு வந்தப்ப, அறுந்த நூல ரெண்டு வெரலால ஒட்டுற வேகத்தப் பாக்கத்தான் மேஸ்திரி வெளியாளுகளக் கூட்டிக்கிட்டு உன் மெசினுக்கு வருவாரு. நான் அடுத்த லைனுல நின்னுக்கிட்டு, எம் தங்கச்சின்னு கைச்சாடையில எல்லாருக்கும் சொல்லுவேன். அந்த இரைச்சல்ல நமக்கெல்லாம் கைதான வாய். அப்படிப்பட்டவ வெளிநாடு போறேன்னு நின்னப்ப, போனா அப்படியே போன்னு சொன்னவன் நானு. ரெண்டு வருசம் உனக்கு ஒரு வரி எழுதல. அப்படிப் பேசுனவனுக்குக் கட்டில் போட்டுக் கூட்டிட்டுப் போகணுமாக்கும்.

என்னமோ மைலுன்னா என்னன்னு எனக்கு வெளக்கம் எழுதியிருக்க. மைலு எனக்குத் தெரியாதா. ஆறு வருசம் விடியாம ரெண்டு மைலு பின்னால நடந்து பஸ்சு கெளம்புற எடத்துக்குப் போயி ஏறுனவன் நானு. நம்ம ஸ்டாப்புக்கு வாரதுக்குள்ள பஸ்சுல ஒரு எடம் இருக்காது, உனக்கு ஒரு சன்னலோரம் புடிச்சு வைக்கணும்ல. அது கெடக்கட்டும்.

மாடு சினையா இருக்கு. மதினியும் வரமாட்டா. மிக்சி நம்ம வீட்டுல நல்லா ஓடுது.

சோலைமலை


ஹவாசா
27 ஜனவரி

அண்ணே,

அது கிடக்காது.

அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இன்றைக்குக் கூடத்துக்கு அரைமணி நேரம் தாமதமாகத்தான் போனேன். பதினோரு வருசத்தில் முதல் தடவை.

நீ பஸ் கிளம்புகிற இடத்துக்குப் போவது அங்கே இருக்கும் டீக்கடைக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். விடிவதற்கு முன்னாலேயே சீட்டாடக் கூட்டாளி வேண்டும் இவருக்கு, நான் தனியாக ஸ்டாப்பில் நிற்கிறேன், இவர் அங்கே போய் டீ குடித்துக்கொண்டு ஏறி வருகிறார் என்று அம்மாவிடம் புகார்கூடச் சொல்லியிருக்கிறேன். அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. அதற்குத் தெரிந்திருக்கிறது.

பஸ் வந்து நின்றதும் மூன்றாவது சன்னலில் உன் சிவப்புத் துண்டு போட்ட சீட்டு இருக்கும். நீ எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்பாய். நான் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். மில்லு வாசல் வந்ததும் என் தோளில் ரெண்டு தட்டு. "மில்லு வந்துருச்சு." ஆறு வருசம். அந்த நாற்பது நிமிசத் தூக்கத்தில்தான் நான் எட்டு மணி நேரம் நின்றேன். அந்தத் தூக்கத்தில்தான் என் விரல் வேகமாக ஓடியது. மேஸ்திரி கூட்டி வந்த ஆட்களுக்கு அது தெரியாது. நீ நின்றுகொண்டே வந்து, அப்புறம் எட்டு மணி நேரம் மெசினில் நின்றிருக்கிறாய். எனக்கும் தெரியவில்லை.

ரெண்டு மைல், வருசத்துக்கு முந்நூறு நாள், ஆறு வருசம். நானே கூட்டிப் பார்த்தேன். மூவாயிரத்து அறுநூறு. நம்ம ஊரில் இருந்து இந்த ஊருக்கு நடந்து வந்து, மிச்சமும் நடந்திருக்கிறாய். இவர்கள் பறந்த தூரத்துக்கு மைல் கொடுத்துச் சீட்டுத் தருகிறார்கள். நீ நடந்த மைலுக்கு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

முகேஷ்குமார் சொன்னது உண்மை. மாற்றிக்கொள்ளலாம். வேண்டும் என்றேதான் எழுதவில்லை. எழுதினால் நீ இதைத்தான் சொல்வாய் என்று தெரியும். எனக்கு மாற்றினால் மிச்சத்தில் உனக்குச் சாதாச் சீட்டுதான் கிடைக்கும், அதில் நீ வரமுடியாது. லாபம் எது என்று அவன் சொல்லட்டும். யார் வரவேண்டும் என்று நான்தான் சொல்லவேண்டும்.

உன்னைக் கேட்காமல் இன்றைக்கு மதியம் சீட்டுப் போட்டுவிட்டேன். போக 3ஏ, சன்னலோரம். எண்பத்து இரண்டாயிரம் கழித்தாயிற்று. இதை ரத்து செய்தால் பாயிண்ட் திரும்பி வருவதற்குள் மார்ச் முடிந்துவிடும், அப்புறம் வந்தும் செல்லாது. நீ வராவிட்டால் அந்தக் கட்டிலில் ஒருத்தரும் படுக்கமாட்டார்கள். காலியாகப் போகும்.

நீ ரெண்டு வருசம் எழுதாததை நான் மறந்து ஒன்பது வருசம் ஆகிறது. நீயும் மறந்துவிடு.

முனீஸ்வரி


வேடசந்தூர்
8 பிப்ரவரி

ஏத்தா,

பத்து நாளா பேனாவத் தொறந்து தொறந்து மூடுனதுல மூடி லூசாப் போச்சு.

காலிச் சீட்ட ஓட்டிக்கிட்டுப் போறது பெரிய பாவம். மில்லு பஸ்சுல போனவனுக்குத்தான் அது தெரியும். அதனால வாரேன்.

வாரேன்னு சொன்னதும் மதினி மூணு வேட்டி எடுத்துட்டா. பொன்னழகு அண்ணன் வந்து, பைலட்டுகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுன்னாரு. அவரும் டிரைவரு இவரும் டிரைவராம். சண்முகவள்ளி உனக்கு ஒரு சின்னாளப்பட்டி சுங்கடிச் சேல குடுத்துவிட்டிருக்கா, அரக்குக் கலரு. சர்டிபிகேட்டு குடுக்குற அன்னிக்கு அதத்தான் கட்டணுமாம். கட்டலைன்னா எங்கிட்ட பேசமாட்டாளாம். எனக்குத்தான் கேக்காதேன்னேன். அதுக்கும் ஏசினா.

சில சந்தேகம் இருக்கு. ஒவ்வொண்ணா எழுதுறேன், பதிலு எழுது.

அந்தக் கட்டில் சீட்டுல ஒருத்தன் எந்திரிச்சுப் போயிட்டா வேற யாரும் வந்து உக்காந்துக்கிருவாகளா? துண்டு போட்டு வச்சா செல்லுமா? உன் சீட்டு எத்தனாவது வரிச? எனக்கும் உனக்கும் நடுவுல கதவு இருக்கா, தெற இருக்கா? அங்க மேஸ்திரி மாதிரி பெரியாளு யாரு, ஆம்பளையா பொம்பளையா? எம்புட்டு நேரம் போனா பாதித் தூரம்?

சும்மாதான் கேக்குறேன். தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதான.

புவனாகிட்ட இங்கிலீசுல ஒரு காகிதம் எழுதித் தரச் சொல்லியிருக்கேன். காது கேக்காத ஆளு, அவசரத்துக்கு இருக்கட்டும்னு.

சோலைமலை


ஹவாசா
12 பிப்ரவரி

அண்ணே,

வாரேன் என்று நீ எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இங்கே என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். மெசினில் உள்ளங்கையை வைத்தே நூல் சுற்றுகிற எந்த ஸ்பிண்டில் கெட்டுப்போகப் போகிறது என்று சொல்கிற ஒரு ஆள் வருகிறார், எனக்குத் தொழில் பழக்கினவர் என்று. நம்பமாட்டேன் என்கிறார்கள். நீ வந்து வைத்துக் காட்டவேண்டும். பதினோரு வருசமாக எத்தனை என்ஜினியர்களோடு நின்றுவிட்டேன், உன் கை மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்லை.

உன் சந்தேகத்துக்குப் பதில். என் சீட்டு 38ஆம் வரிசை, நடைபாதை ஓரம். நடுவில் திரை இருக்கும். பின்னால் இருப்பவர்கள் முன்னால் போகக்கூடாது. முன்னால் இருப்பவர்கள் பின்னால் வந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். விமானப் பெண்களுக்கு ஒரு தலைவி இருப்பார், அவர் வைத்ததுதான் சட்டம். மூணேகால் மணி நேரம் போனால் பாதி. துண்டு போட்டு வைக்கவேண்டியதில்லை, அது உன் சீட்டு, ஒருவரும் உட்காரமாட்டார்கள்.

இதையெல்லாம் எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. முதல் தடவை போகிறவன் பயத்தில் கேட்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். விமானத்தில் ஏறி ஏதாவது ஏடாகூடம் பண்ணாமல் பேசாமல் படுத்துக்கொண்டு வா. படுப்பதற்குத்தான் இத்தனை பாடு.

இருபத்து நாலாம் தேதி ஊரில் இருப்பேன்.

முனீஸ்வரி


38ஆம் வரிசை
14 மார்ச், வானத்துல

ஏத்தா முனீசு,

இத எழுதுறது வாந்தி எடுக்கக் குடுக்குற காகிதப் பையில. சுத்தமானதுதான். இத உங்கிட்ட கொண்டு வார விமானப் பொண்ணு பேரு நர்கீஸ். நல்ல பொண்ணு. தமிழு தெரியாது, எனக்குக் காது கேக்காது, அதனால ரெண்டு பேரும் ரொம்ப நல்லாப் பேசிக்கிட்டோம்.

நீ தெறையத் தாண்டி அங்கிட்டுப் போனதும் திரும்பிப் பாத்த மொகம் எனக்குத் தெரியும். மில்லுல புது மெசினக் குடுத்தப்ப இதே மொகந்தான். கோவப்படாத. நடந்தத எழுதுறேன்.

மொதல்ல அந்தக் கட்டில்ல நான் படுத்தேன். நெசமாப் படுத்தேன். ஆறு வருசத்துல என் முதுகு இம்புட்டு நேரம் எங்கயும் வலிக்காமக் கெடந்ததில்ல. சோறு வச்சாக, வெஞ்சனம் நாலு வகை, துணி விரிச்சு. வெளிய பாத்தா மேகம் பஞ்சு மூட்டையப் பிரிச்சுப் போட்ட மாதிரி கெடக்கு. சுவத்துல உள்ளங்கைய வச்சுப் பாத்தேன். ஓட்டம் சுத்தமா இருக்கு, பேரிங்கு எல்லாம் நல்லா இருக்கு. அதுக்கப்புறந்தான் தூங்குனேன்.

மூணேகால் மணி நேரம் ஆனதும் எந்திரிச்சேன். புவனா எழுதுன காகிதத்த நர்கீஸ்கிட்ட குடுத்தேன். அதுல என்ன எழுதச் சொன்னேன்னா, பின்னால 38ல இருக்கவ எம் தங்கச்சி, இந்தச் சீட்டே அவ சம்பாதிச்சது, பாதித் தூரம் நான் படுத்துட்டேன், பாதித் தூரம் அவ படுக்கணும், எங்க மில்லுல ஒரு ஆளு பாதிக்கு மேல நிக்கவிடமாட்டோம்னு எழுதச் சொன்னேன். கடைசி வரி பொய். இருந்தாலும் நல்லா இருந்துச்சு.

அந்தப் பொண்ணு படிச்சுட்டு, நீ எழுதுன தலைவி இருக்காகள்ல, அந்தப் பெரியம்மாகிட்ட ஓடுச்சு. பெரியம்மா வந்தாக. படிச்சாக. அப்புறம் சீட்டப் பாத்தாக. சீட்டுல என் துண்டக் கெடத்தியிருந்தேன். இது என்னன்னு கையக் காட்டிக் கேட்டாக. இன்னொரு ஆளுக்கு எடம் போட்டு வச்சிருக்கேன்னு கையாலயே சொன்னேன். அவுக செத்த நேரம் அந்தத் துண்டையே பாத்தாக. எந்த ஊருலயோ அவுகளும் பஸ்சுல போயிருப்பாக போல. சரின்னு தலைய ஆட்டி, உன்னையக் கூட்டியார நர்கீச அனுப்புனாக.

அம்புட்டுத்தான் நடந்துச்சு.

அண்ணன்


3ஏ

அண்ணே,

இந்தத் தாளைக் கொடுத்ததும் அந்தப் பெண்தான். திரை மூடி இருக்கிறது, என்னைத் திரும்ப விடமாட்டேன் என்கிறாள். சிரிக்கிறாள்.

உன் முதுகை வைத்துக்கொண்டு 38இல் எப்படி உட்கார்ந்து வருவாய்? அந்தச் சீட்டு எனக்கே ஆகாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. நாளைக்கு உன்னால் எழுந்து நிற்க முடியாது, பதினேழாம் தேதி என் பிள்ளைகள் முன்னால் உன்னைப் படுக்கவைத்தா காட்டுவேன்? ஒழுங்காக வந்து படு.

சீட்டில் உன் துண்டு இருந்தது. அதே சிவப்பு. இத்தனை வருசம் கழித்து எங்கே வைத்திருந்தாய் அதை? அதை எடுக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். எப்போதும் நீதானே எடுப்பாய்.

முனீசு


38ஆம் வரிசை

ஏத்தா,

அது பழைய துண்டு இல்ல. அது நைஞ்சு போச்சு. வேடசந்தூர் சந்தையில அதே மாதிரி தேடிப் புடிச்சேன்.

நான் எங்க உக்காந்தேன். உன் சீட்டு காலியாத்தான் கெடக்கு. நான் வண்டிக்குக் கடைசியில, டீ போடுற எடத்துக்குப் பக்கத்துல கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டு வாரேன். உக்காந்தாத்தான வலி. நிக்கிறது எனக்குப் பழக்கம். நர்கீஸ் டீ குடுத்தா, சீனி பத்தல.

நீ அங்க உக்காந்து எனக்கு எழுதிக்கிட்டு இருக்காத. பட்டன அமுக்கு, காலத் தூக்கி மேல போடு. எறங்கி நூத்தியிருபது பேரு முன்னால எம் தங்கச்சின்னு கைச்சாடை காட்டணும் எனக்கு. அப்ப உன் காலு வீங்கியிருக்கக் கூடாது.

தூங்கு. மில்லு வந்ததும் எழுப்புறேன்.